பாபின் தெருவில் திரை மூடிய சனிக்கிழமை

இங்கிலாந்தில் கெர்ஷா ஊரின் தொழிலாளர் கிளப்பில் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் ‘அந்தக் காலம்’ என்று ஒரு கேள்வி பதில் போட்டி நடக்கும். சிப்ஸ் பொட்டலத்துக்குள் நீலக் காகிதத்தில் முறுக்கி வைத்திருந்தது என்ன? உப்பு. வாசற்படியின் விளிம்பைத் தேய்த்த கல்லில் என்ன முத்திரை? கழுதை. மிட்டாய்க்கு ரேஷன் நீங்கிய ஆண்டு எது? எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததையே கேட்டுத் தெரிந்ததையே சொல்வதுதான் அந்தப் போட்டியின் சுகம்.

கடைசிச் சுற்று உள்ளூர்ச் சுற்று. அதில் தவறாமல் ஒரு கேள்வி வரும். பாபின் தெரு முழுவதும் எந்த உயிருள்ள மனிதனுக்காக ஜன்னல் திரையை மூடியது? கேள்வியைப் படித்ததும் மண்டபமே லெனர்ட் பாஸ்க்கைத் திரும்பிப் பார்க்கும். எண்பதைத் தாண்டிய மனிதர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அந்தக் கேள்விக்கும் அதை ஒட்டி வருபவற்றுக்கும் மட்டும் அவர் பதில் சொல்லக் கூடாது என்று விதி இருந்தது. சம்பந்தப்பட்டவர் என்பதால்.

அது ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. லெனர்டுக்கு அப்போது முப்பது வயது. மனைவி டோரீன் இறந்து ஒரு வருஷம் முடியவில்லை.

அவன் நார்ஃபோக் பக்கத்து ஆள். கெர்ஷா பள்ளிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்து, டோரீனைக் கட்டிக்கொண்டு, அவள் பிறந்த தெருவிலேயே குடியேறியவன். தெரு அவனை வாத்தியார் என்றது. மரியாதையும் தூரமும் சரிபாதி கலந்த சொல் அது. தெருவின் கணக்கில் அவன் செய்த தவறுகள் இரண்டு. கெர்ஷா கால்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போகாதது ஒன்று. மனைவியை அடக்கம் செய்த அன்று அழாதது மற்றொன்று. இரண்டாவதைத் தெரு ஒருவாறு மன்னித்திருந்தது.

டோரீன் நேர்மாறு. சனிக்கிழமை தோறும் மைதானத்தில் கூரையில்லாத பக்கம் நின்று, தொண்டை கட்டும்வரை நடுவரைத் திட்டிவிட்டு, நனைந்துபோய்ச் சந்தோஷமாக வருவாள். நெஞ்சில் நோய் வந்தபோது அவள் அம்மா மிஸஸ் கிரிம்ஷா காரணத்தை உடனே கண்டுபிடித்தார். “அந்த மைதானத்து மழைதான். பதினோரு தடிப்பசங்க ஒரு பந்தைத் தொரத்தறதப் பாக்கப் போயி என் பொண்ணு நெஞ்சைக் கெடுத்துக்கிட்டா.” அதன் பிறகு அவர் காதுபடக் கெர்ஷா அணியின் பெயரை யாரும் எடுப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் டோரீன் லெனர்டிடம் ஒன்று கேட்டாள்.

“கெர்ஷா என்னைக்காவது ஃபைனலுக்குப் போனா நீ பாக்கணும். ரேடியோ இல்ல. கண்ணால பாக்கணும். பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்.”

“எனக்கு ஆஃப்சைடே புரியாது.”

“அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன். புரிஞ்சவன் எல்லாம் பொய் சொல்லுவான்.”

அவன் சரி என்றான். செலவில்லாத வாக்கு என்று நினைத்தான். கெர்ஷா அதுவரை இறுதிப் போட்டிக்குப் போனதே இல்லை. அடுத்த வசந்தத்தில் போயிற்று. இங்கிதம் தெரியாத அணி.

லண்டன் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து மழையில் நின்றவர்களுக்கே கிடைக்கவில்லை. பாபின் தெருவில் யாரிடமும் டெலிவிஷன் இல்லை. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் வார இறுதிக்கு வாடகைக்குத் தருவார்கள் என்று லெனர்ட் கேள்விப்பட்டான். வெள்ளிக்கிழமை மாலை, மழை பிடித்துக்கொண்டு தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், பின்சந்து வழியாகப் பெட்டி வந்தது. மேலே ஒரு போர்வை. திங்கட்கிழமை வந்தவழியே போய்விடும். ஏரியல் கம்பியைக் கூரைமேல் நிறுத்தினால் தெருவே பார்க்கும் என்று பரணுக்குள் கட்டினான்.

மறைத்ததெல்லாம் மிஸஸ் கிரிம்ஷாவுக்காக. அவர் தெருக்கோடி வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் காலையில் தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு வந்து லெனர்டின் முன்னறையைத் துடைத்து மெருகேற்றிவிட்டுப் போவார். அந்தத் தெருவில் முன்னறை என்பது இருப்பதற்கான இடம் அல்ல. போதகர் வந்தால், கிறிஸ்துமஸ் வந்தால், சாவு வந்தால் திறப்பது. டோரீனின் சவப்பெட்டியை அங்கேதான் வைத்திருந்தார்கள். வருஷம் முடியும்வரை அங்கே ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது என்று மிஸஸ் கிரிம்ஷா சொல்லியிருந்தார். பின்கட்டில் டெலிவிஷனை வைக்க இடம் கிடையாது. முன்னறையில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அது ஏன் காலியாக இருந்தது என்று லெனர்டுக்குத் தெரியும். அங்கேயே வைத்தான்.

மகளைக் கொன்ற ஆட்டத்தை, மகளைக் கிடத்திய இடத்தில் வைத்துப் பார்த்த மருமகன். அப்படித்தான் அவர் எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் அவனுக்கு யாரும் இல்லை.

சனிக்கிழமை மதியம் லெனர்ட் எல்லாவற்றையும் கணக்குப் போட்டான். மாடிப்படிக்கு அடியில் மீட்டர் இருந்தது. பென்னிக் காசைப் போட்டுக் குமிழைத் திருகினால் மின்சாரம். தீர்ந்தால் இருட்டு. ஆட்ட நேரம், இடைவேளை, கோப்பை கொடுக்கும் நேரம், அதற்கு மேலும் கொஞ்சம். வீட்டிலிருந்த பென்னி முழுவதையும் போட்டான். கணக்கில் பிழை இல்லை.

ஆட்டம் மூன்று மணிக்கு. வெளியே அபூர்வமாக வெயில். டெலிவிஷனின் சின்னக் கண்ணாடியில் மூக்குதான் தெரிந்தது, அவனுடைய மூக்கு. எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினான். படமும் தெளிந்தது, தெருவின் கண்ணும் மறைந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்ததாகத் திருப்திப்பட்டு உட்கார்ந்தான்.

பட்டப்பகலில் முன் ஜன்னல் திரையை மூடினால் பாபின் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம், அந்த வீட்டில் சாவு. அது லெனர்டுக்கும் தெரியும். டோரீனுக்கு அந்தத் திரையை மூடியவனே அவன்தான். ஆனால் அன்றைக்கு அவன் மூளை பென்னிக்கு எத்தனை நிமிஷம் என்பதில் இருந்தது.

எதிர்வீட்டு ஹெர்பர்ட் லம்ப்தான் முதலில் பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ரேடியோவைப் போட்டு, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்து, கெர்ஷா அணியின் பச்சைத் துணிப்பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்காரப் போனவர் ஜன்னல் வழியே பார்த்து நின்றுவிட்டார்.

“மேபெல், இங்க வா. வாத்தியார் வீட்டைப் பாரு.”

அவர் மனைவி பார்த்தார். “யாரு?”

“அந்த வீட்டுல யாரு இருக்கா? அவன் ஒருத்தன்தானே?”

ஒருத்தன்தான் இருந்தான். அப்படியானால் அவன்தான். கணக்கு அங்கேயும் சரியாக வந்தது. செத்தவனே எழுந்து திரையை மூடியிருக்க முடியுமா என்று யாருக்கும் தோன்றவில்லை. திரை மூடியிருந்தது, அவ்வளவுதான் தெருவுக்குத் தேவை. ஹெர்பர்ட் தன் ஜன்னல் திரையை மூடினார். பக்கத்து வீடு மூடியது. அடுத்த வீடு மூடியது. சாவு நடந்த தெருவில் ரேடியோ பாடக் கூடாது. கெர்ஷா வரலாற்றிலேயே முதல்முறையாக இறுதிப் போட்டி ஆடிய மதியம், பாபின் தெரு வீடு வீடாக ரேடியோவை அணைத்தது. ஹெர்பர்ட்டின் கை குமிழ்மேல் கொஞ்ச நேரம் நின்றதாம். பிறகு அணைத்தார். பச்சைப் பூவைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கோட்டைத் தேடினார். மேபெல் பரணிலிருந்து டின்னில் அடைத்த பன்றிக்கறி ஹாமை இறக்கினார். கறிக்கு ரேஷன் இருந்த காலம். அந்த டின்னை ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கை அனுப்பி நாலு வருஷம் ஆகியிருந்தது. யாராவது செத்தால் மட்டுமே திறப்பது என்று வைத்திருந்தார். திறந்தார்.

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியபோது லெனர்டுக்கு மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. ஆளுக்கு ஒரு கோல். அவனுக்கே தெரியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். மாடியில் யாரோ கட்டிலைச் சுற்றி நடந்தார்கள். அலமாரியைத் திறந்து மூடினார்கள். பிறகு படி இறங்கும் சத்தம். முன்னறைக் கதவு திறந்தது.

மிஸஸ் டக்வர்த். தெருவில் பிறக்கிற குழந்தையை முதலில் கழுவுகிறவர் அவர்தான், செத்தவரைக் கடைசியாகக் கழுவுகிறவரும் அவர்தான். தாழிடாத பின்கதவு வழியாக வந்திருந்தார், கையில் கறுப்புப் பை. நீல வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்.

“அட பாவமே. உக்காந்தபடியே போயிட்டியா” என்று சொல்லிக்கொண்டே வந்து அவன் கண்ணிமையைத் தொட்டார்.

“வணக்கம், மிஸஸ் டக்வர்த்” என்றான் லெனர்ட்.

அவர் கத்தவில்லை. நாற்பது வருஷத் தொழில். ஒரு நிமிஷம் அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீ இன்னும் சாகலையா?”

“இல்ல.”

“யாராவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வேலைய பாதியில போட்டுட்டு வந்திருக்கேன்.” அப்போதுதான் டெலிவிஷனைப் பார்த்தார். “அது நம்ம பசங்களா?”

“ஆமா. ஒண்ணுக்கு ஒண்ணு.”

“இரு, வந்துடறேன்” என்று வெளியே போனார். தெருவுக்குச் செய்தி சொல்ல வேண்டியது அவர் கடமை. வாத்தியார் சாகவில்லை என்பதை ஒரு வார்த்தையில் சொன்னார். டெலிவிஷன் இருக்கிறது என்பதை விளக்கமாகச் சொன்னார்.

சிறிது நேரத்தில் முன்னறை கறுப்பு உடுப்புகளால் நிறைந்தது. யாருக்கும் அவன் உயிரோடிருப்பதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

“உனக்காக ரேடியோவ அணைச்சேன்டா வாத்தியாரே” என்றார் ஹெர்பர்ட். “முதல் கோலு. என் வாழ்க்கையில ஒரே ஒரு ஃபைனல். நம்ம பையன் கோலு போடறான், நான் இருட்டுல உக்காந்து உன்னைப் பத்தி நல்லதா ஏதாவது ஞாபகம் வருதான்னு யோசிச்சிட்டிருக்கேன்.”

“வந்துச்சா?”

“எங்க வந்துச்சு? கோலுதான் போச்சு. கொஞ்சம் நகரு.”

மேபெல் ஹாம் தட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “டின்னைத் திறந்துட்டேன். இனிமே மூட முடியாது. யாராவது சாப்பிட்டுத்தான் ஆகணும்” என்று பொதுவாகச் சொன்னார். இன்னொருத்தி பின்கட்டுக்குப் போய் மின்சாரக் கெட்டிலைப் போட்டாள். சாவு வீடு இல்லையென்றாலும் இத்தனை பேர் கூடினால் தேநீர் வேண்டும். ஒரு கெட்டில் போதவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். லெனர்டின் கணக்கில் கெட்டில் இல்லை.

சாவுச் செய்தி மட்டும் எட்டியிருந்த மிஸஸ் கிரிம்ஷா கடைசியாக வந்தார். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, கையில் மடித்த வெள்ளைப் படுக்கைவிரிப்பு. டோரீனுக்கு விரித்த அதே விரிப்பு. மருமகனுக்கும் அதையே கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்று பார்த்தார். மகளின் பெட்டி இருந்த இடத்தில் டெலிவிஷன். அதைச் சுற்றித் தெரு முழுவதும் தட்டோடும் கோப்பையோடும்.

டெலிவிஷன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

லெனர்ட் எழுந்தான். மூன்று வருஷம் மருமகனாக இருந்தும் அவன் அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. “மிஸஸ் கிரிம்ஷா...”

“நீ சாகல.”

“இல்ல.”

“அப்போ திரையத் திற.”

“திறந்தா படம் தெரியாதுங்க” என்றார் ஹெர்பர்ட், கண்ணை எடுக்காமல்.

மிஸஸ் கிரிம்ஷா அவரைப் பார்த்த பார்வையில் வேறொரு நாளாக இருந்தால் ஹெர்பர்ட் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். அன்றைக்குப் போகவில்லை. அந்த நொடியில் படம் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. அறை இருண்டது.

“மீட்டர்!” என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிஷம்கூட இருந்திருக்காது. சாவுக்கென்று வைத்திருந்த கோட்டுகளை எல்லாரும் துழாவினார்கள். அந்துருண்டை இருந்தது. பழைய பிரார்த்தனைத் தாள் இருந்தது. காசு இல்லை. பெண்கள் கைப்பையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வீட்டுக்கு ஓடினால் காசும் உண்டு, ரேடியோவும் உண்டு. ஒருவரும் நகரவில்லை. எழுந்தால் இடம் போய்விடும்.

அப்போது மேபெல்தான் சொன்னார். “எலிசா. உன் பையில இருக்குமே.”

மிஸஸ் டக்வர்த் பையை மடியோடு அணைத்துக்கொண்டார். “அது வேற காசு.”

வேறு காசுதான். விக்டோரியா ராணியின் முகம் தேய்ந்து வழவழப்பான இரண்டு பென்னி. செத்தவர்களின் கண் மூடி நிற்பதற்காக இமைமேல் வைப்பது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு காசையும் தெரியும். அப்பாவின் முகத்தில், அம்மாவின் முகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

“எங்கப்பா கண்ணுல இருந்தது” என்றாள் கெட்டில் போட்டவள். “அத மீட்டர்ல போடுவீங்களா?”

“உங்கப்பா இருந்தா அவரே எடுத்துப் போட்டிருப்பாரு. இப்ப நேரமா, தாயே?” என்றார் ஹெர்பர்ட்.

“என் இஷ்டத்துக்கு எடுத்துக் குடுக்க முடியாது” என்றார் மிஸஸ் டக்வர்த். “கடைசியா டோரீன் கண்ணுல இருந்தது. அவங்க அம்மாதான் சொல்லணும்.”

கறுப்பு உடுப்புகள் எல்லாம் கதவுப் பக்கம் திரும்பின. மிஸஸ் கிரிம்ஷா விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். லெனர்டுக்கு அவர் முகம் தெரியவில்லை. தெரியாதது நல்லதாகப் போயிற்று.

“டோரீன் கேட்டா” என்றான். பதினோரு மாதத்தில் அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. “ஃபைனல் வந்தா பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னா. வாக்குக் குடுத்துட்டேன். எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கவே பிடிக்காது, மிஸஸ் கிரிம்ஷா.”

“எப்போ கேட்டா?”

“ஆஸ்பத்திரியில. கடைசி வாரம்.”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

“உங்களுக்குப் பிடிக்காதுன்னு.”

ஹெர்பர்ட் மூச்சுவிடவில்லை. அது மரியாதையா ஆட்டமா என்று சொல்ல முடியாது.

மிஸஸ் கிரிம்ஷா கையை நீட்டினார். மிஸஸ் டக்வர்த் துணியை அவிழ்த்து இரண்டு காசையும் கொடுத்தார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார் மிஸஸ் கிரிம்ஷா.

“ஒண்ணு போதும். இத வச்சுக்கோ, எலிசா. உனக்கு வேலை வராமலா போகும்?”

மாடிப்படிக்கு அடியில் காசு விழுந்தது. குமிழ் திரும்பியது. இருட்டில் எவரோ போட்டுப் பார்த்த விளக்கு எரிந்தது. யாரோ பாய்ந்து அதை அணைத்தார்கள். ஆனால் டெலிவிஷன் அப்படி உடனே வராது. உள்ளே வால்வுகள் சூடாக வேண்டும். இருட்டான கண்ணாடியை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் அவர்கள் முகங்களே மங்கலாகத் தெரிந்தன.

குரல் முதலில் வந்தது. “...பரிதாபம், பரிதாபம். தன் கோலுக்குள்ளேயே தட்டிவிட்டார். அவராலேயே நம்ப முடியவில்லை...”

யார் என்று குரல் சொல்லவில்லை. படம் மெல்ல எழுந்தது. கறுப்பு வெள்ளையில் இரண்டு அணியின் சட்டையும் ஒரே சாம்பல் நிறம். ஒருவன் புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தான். அவன் எந்தப் பக்கத்து ஆள் என்று அறை முழுவதும் குனிந்து பார்த்தது.

“வழுக்கை” என்றார் ஹெர்பர்ட் கடைசியில். “வழுக்கை நம்ம கேப்டனுக்குத்தான்.”

விசில் ஊதினார்கள். இரண்டுக்கு ஒன்று. கெர்ஷா தோற்றது. எல்லாரும் அதற்கேற்ற உடுப்பில் இருந்தார்கள். ஹாமும் தயாராக இருந்தது.

லெனர்ட் டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டே நின்றான். டோரீனின் பெட்டி இருந்த இடத்தையும். பாத்துட்டேன், இப்ப யார்கிட்ட சொல்றது என்று நினைத்தான். அந்த நினைப்பு முடியவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. தன் சத்தம் என்று அவனுக்கே முதலில் தெரியவில்லை. நாற்காலியில் விழுந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான்.

தெரு அதிர்ந்துபோயிற்று. பிறகு நெகிழ்ந்துபோயிற்று.

“விடுடா தம்பி, விடு” என்று ஹெர்பர்ட் அவன் தோளை அணைத்துக்கொண்டார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது. “அடுத்த வருஷம் இருக்கு. ஒரு கோலுதானே.”

“பாத்தியா மேபெல்?” என்று ஒருவர் கிசுகிசுத்தார். “பொண்டாட்டி செத்தப்ப ஒரு சொட்டு விடல. நெஞ்சுல எவ்வளவு பாசம் வச்சிருந்திருக்கான் பாரு, நம்ம டீம்மேல.”

அன்றிலிருந்து அவனை வாத்தியார் என்று யாரும் தள்ளிவைத்துக் கூப்பிடவில்லை. லென் ஆனான். மேபெல் ஹாமின் தடித்த துண்டாகப் பார்த்து அவன் கையில் திணித்தார்.

எல்லாரும் போன பிறகும் மிஸஸ் கிரிம்ஷா இருந்தார். விரிப்பை நாற்காலிக் கையில் மடித்து வைத்திருந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

“அவகிட்ட என்ன சொல்லப் போற?”

லெனர்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “தோத்துட்டோம்னு.”

“அந்தக் கடைசிக் கோல நீ பாத்தியா?”

“இல்ல. கரெண்ட் போயிடுச்சு.”

“கரெண்ட் போறப்ப எவ்வளவு?”

“ஒண்ணுக்கு ஒண்ணு.”

“அப்ப அதச் சொல்லு. கண்ணால பாத்தத மட்டும் சொன்னாப் போதும்.” எழுந்து விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்றார். “அந்த வழுக்கையன இன்னும் எதுக்கு ஆடவிடறாங்க? கால்ல பலமே இல்ல. டோரீன் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தா.”

ஜன்னல் திரையைத் திறக்காமலே போனார். தோற்ற துக்கத்தில் தெருவும் தன் திரைகளைத் திங்கட்கிழமை காலையில்தான் திறந்தது.

கிளப்பின் கேள்வி அட்டையில் இதெல்லாம் இல்லை. பெயரைக் கேட்ட பிறகு அட்டையில் இன்னும் இரண்டு கேள்விதான். திரை ஏன் மூடியது? டெலிவிஷனுக்காக. ஒரு புள்ளி. கேட்டதும் மண்டபம் சிரிக்கும். அடுத்தது, வாத்தியார் ஏன் அழுதார்?

போன வாரமும் கேட்டார்கள். லெனர்டின் மேசையில் இருந்த பையன் காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். கேப்டன் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டதால். எழுதிவிட்டு அவரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“சரிதானே, லென் ஐயா?”

“நான் சொல்லக் கூடாதுப்பா. விதி” என்றார் லெனர்ட்.

சரியான விடை என்று அறிவித்தார்கள். முழுப் புள்ளி. மேசை கைதட்டியது. அவரும் தட்டினார்.